ஊர் மெடிக்கலும் இரண்டே முக்கால் ரூபாயும்

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. டீ வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் ஒரு அம்மா என்னிடம் வந்தார். ராசிபுரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவில் ஒரு கிராமம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மகன் விசைத்தறி ஓட்டுகிறார், இவர் தார் சுற்றுகிறார். வெறும் வயிற்றில் சுகர் 380.

"ஏம்மா, ஊசி போடறீங்களா இல்லியா?"

"ஊசி தீந்து பதினோரு நாளாச்சு சாமி. ஊர் மெடிக்கலச் சாத்திப்புட்டாங்க. இனி எதுக்கும் ராசிபுரந்தான் போகோணும்."

"பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீ தானேம்மா?"

"பஸ்சு ஃப்ரீதான் சாமி. அரை நாள் கூலிய யாரு குடுப்பா?"

பதில் சொல்லத் தெரியவில்லை.

'அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்குமே டாக்டர்' என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. கிடைக்கும். ஆனால் இந்த அம்மாவுக்குப் பேனாவில் போடும் இன்சுலின் எழுதிக் கொடுத்தது நான்தான். கண் சரியாகத் தெரியாத ஆள், சிரிஞ்சில் அளவு பார்த்து எடுக்கத் தடுமாறுவார் என்று எழுதினேன். அந்த கார்ட்ரிட்ஜை ஃப்ரிட்ஜில் வைத்து மாதா மாதம் கொடுத்து வந்தது ஊர் மெடிக்கல் அண்ணன். காசு இல்லையென்றால் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுப்பவர்.

அவருக்குப் போன் போட்டேன். இருபது வருடத்துக்கு மேல் நடந்த கடை. "என்னண்ணே, நஷ்டமா?" என்றேன்.

"நஷ்டத்துல சாத்தல சார். லாபத்துலதான் சாத்துனேன். அந்த லாபத்துல கரண்ட் பில்லு கட்ட முடியல."

இது அவர் ஒருவர் கதை இல்லை. பின்னால் ஒரு நீண்ட அரசியல் கதை இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மருந்துக்கடை என்பது மளிகைக்கடை மாதிரி யார் வேண்டுமானாலும் போடும் கடையாகத்தான் ஒரு காலத்தில் இருந்தது. டாக்டர் எழுதுவார், கம்பவுண்டர் மிக்ஸ்சர் கலக்குவார், பாட்டிலை நாம்தான் கொண்டு போக வேண்டும். கலப்பட மருந்து பற்றிய புகார்கள் பெருகியதால் 1930-ல் ஆர்.என். சோப்ரா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதன் அறிக்கை சட்டமாக மாற ஒன்பது பத்து வருடம் ஆனது. 1940-ல் மருந்துகள் சட்டம், 1945-ல் அதன் விதிகள், 1948-ல் மருந்தாளுநர் சட்டம். பதிவு பெற்ற பார்மசிஸ்ட் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்பது இந்த 48-ஆம் வருடச் சட்டத்தின் 42-வது பிரிவு. கடை குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்க வேண்டும், குளிர்பதன வசதி வேண்டும் என்பதெல்லாம் 1945 விதிகள்.

இதெல்லாம் நமக்கு நல்லது. சந்தேகமே இல்லை. ஆனால் கவனியுங்கள்: கடைக்காரர் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போட்டார்கள். அந்த வேலைக்கு யார் கூலி கொடுப்பது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இடையில் ஒரு சேலத்துக் கிளைக்கதை. ராஜாஜி 1937-ல் முதலமைச்சர் (அன்றைக்குப் பிரதமர் என்பார்கள்) ஆனதும் மதுவிலக்கை முதலில் கொண்டு வந்தது நம்ம சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1. அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. மதுவிலக்குக் காலத்தில் மருந்தென்று சொல்லி இஞ்சி டிஞ்சர் வாங்கிக் குடித்தவர்கள் கதையைப் பெரியவர்களிடம் கேளுங்கள், சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். நம்மூரில் ஆரம்பித்த ஒரு நல்ல காரியத்தின் பில்லை எல்லாக் கடைக்காரர்களும் கட்ட ஆரம்பித்தது அப்போதுதான். அந்த விற்பனை வரியின் பேரப்பிள்ளைதான் இன்றைய ஜிஎஸ்டி. அதற்குப் பிறகு வருகிறேன்.

சீனப் போர் நினைவிருக்கிறதா? அந்த நெருக்கடியில்தான் 1962-ல் மருந்தின் விலையைக் கடையில் எழுதிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1963-ல் விலையை அப்படியே நிறுத்தினார்கள். 1970-ல் முழுமையான மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை. பிறகு 1979, 1987, 1995, 2013 என்று புதுப்புது ஆணைகள். உயிர் காக்கும் மருந்துகள் மலிவு விலையில் நம் நாட்டில் கிடைக்க இந்த ஆணைகள் ஒரு பெரிய காரணம். டாக்டராக நான் இதற்குக் கை தட்டுவேன்.

ஆனால் இந்த ஆணைகளுக்குள் ஒரு சின்ன எண் ஒளிந்திருக்கிறது. 16 சதவீதம். கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் மருந்தில் சில்லறைக் கடைக்காரரின் பங்கு அது.

1995 ஆணைப்படி வரி நீங்கலான விற்பனை விலையில் 16 சதவீதம். 2013 ஆணையிலும் 16 சதவீதம்தான், ஆனால் கணக்குப் போடும் இடம் மாறிவிட்டது. கடைக்காரர் *வாங்கும்* விலையின் மேல் 16. கேட்க ஒரே மாதிரி இருக்கிறதா? ஒரு அட்டை மாத்திரை, வரி நீங்கலாக 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் அவருக்கு 3 ரூபாய் 20 பைசா. புதுக் கணக்கில் 2 ரூபாய் 76 பைசா. நடைமுறையில் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எழுத்தில் இருப்பது இதுதான். இரண்டே முக்கால் ரூபாய்.

இந்த இரண்டே முக்கால் ரூபாயில்தான் வாடகை, கரண்ட், ஃப்ரிட்ஜ், பார்மசிஸ்ட் சம்பளம், காலாவதியான ஸ்டாக், கடன் நோட்டு எல்லாம். இப்படி நூறு அட்டை விற்றால் 276 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய்.

(கட்டுப்பாட்டில் இல்லாத மருந்துகளில் 20 சதவீதம் வரை வரும். சத்து மாவு டப்பா, டயப்பர், சோப்பு என்று விற்றுத்தான் கிராமத்துக் கடைகள் தாக்குப் பிடிக்கின்றன. மருந்துக்கடையில் ஏன் ஷாம்பு தொங்குகிறது என்று இனி கேட்காதீர்கள்.)

இப்போது டவுனில் '15% தள்ளுபடி', '20% தள்ளுபடி' போர்டுகளைப் பாருங்கள். அதே 20 ரூபாய் அட்டைக்கு நம்ம அண்ணன் 10 சதவீதம் தள்ளினால் கையில் மிஞ்சுவது முக்கால் ரூபாய். 15 சதவீதம் தள்ளினால் கால் ரூபாய் கைக்காசு போகும். பெரிய செயின் கடைகள் மொத்தமாக வாங்குவதால் கம்பெனியிடமே விலையைக் குறைத்து வாங்க முடியும். மாதம் ரெண்டு பெட்டி எடுப்பவரிடம் டிஸ்ட்ரிபியூட்டர் என்ன பேரம் பேசப் போகிறார்? 'ஊர்க் கடைக்காரன் கொள்ளையடிக்கிறான், டவுனில் பாரு எவ்வளவு கம்மி' என்று நாம் பேசுவது இந்தக் கணக்கு தெரியாமல்தான். நானும் பேசியிருக்கிறேன்.

சரி, அரசாங்கங்கள் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தன.

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மொத்தமாக, ஜெனரிக் பெயரில், நேரடியாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன திட்டம். 2008 நவம்பரில் மத்திய அரசின் முதல் மக்கள் மருந்தகம் அமிர்தசரஸில் திறந்தது. இப்போது நாடு முழுக்க 15,000-ஐத் தாண்டிவிட்டது. 2014 ஜூனில் ஜெயலலிதா கூட்டுறவுத் துறை மூலம் அம்மா மருந்தகங்களைத் தொடங்கினார். 2024 சுதந்திர தின உரையில் ஸ்டாலின் முதல்வர் மருந்தகத்தை அறிவித்து, 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் 1,000 கடைகளைத் திறந்து வைத்தார். பாதிக் கடைகள் கூட்டுறவுச் சங்கங்களுக்கு, பாதி பி.ஃபார்ம், டி.ஃபார்ம் படித்த தொழில்முனைவோருக்கு. அவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் மானியம்.

அம்மா மருந்தகமா முதல்வர் மருந்தகமா மக்கள் மருந்தகமா என்று இங்கே சண்டையை ஆரம்பித்துவிடாதீர்கள். மூன்றாலும் என் பேஷண்டுகளுக்கு நன்மை. சுகர், பிரஷர் மாத்திரைச் செலவு பாதிக்கும் கீழே இறங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வருவது வேறு. மக்கள் மருந்தகம் நடத்துபவருக்கு 20 சதவீத பங்கு, அதற்கு மேல் மாதாந்திர ஊக்கத்தொகை. முதல்வர் மருந்தகத்துக்கு மானியம். ஏன் கொடுக்கிறார்கள்? மலிவு மருந்தை விற்று அந்த சதவீதத்தில் மட்டும் ஒரு கடை பிழைக்க முடியாது என்பது அரசாங்கத்துக்கே தெரியும். அதனால்தான் கொடுக்கிறார்கள். மாத்திரை விலை குறையக் குறைய சதவீதமும் சுருங்கும் என்ற உண்மையை டெல்லியும் சென்னையும் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்ட மாதிரிதான் இது. ஆனால் அந்த உதவி போர்டில் திட்டத்தின் பெயர் இருக்கும் கடைக்கு மட்டும். அதே மாத்திரையை, அதே சட்டத்தின் கீழ், இருபது வருடமாகக் கொடுத்து வந்த பெயரில்லாத கடைக்கு ஒன்றும் இல்லை.

"நீங்களும் அந்தத் திட்டத்துல சேர்ந்திருக்கலாமேண்ணே?" என்று கேட்டேன்.

"ஊருக்கே ஒரு கடை சார். அந்தத் திட்டத்து மருந்து மட்டும் வெச்சா, நீங்க எழுதற பிராண்டுக்கு நான் எங்க போறது? மாத்திக் குடுத்தா சட்டம் புடிக்கும்."

சரியாகத்தான் சொன்னார். ஷெட்யூல் எச் மருந்துக்கு டாக்டர் எழுதியதற்குப் பதில் வேறொன்றைக் கொடுக்க 1945 விதிகளின் 65-வது விதி அனுமதிக்காது. பிராண்ட் எழுதுவது நாங்கள். மாட்டிக்கொள்வது அவர்.

மருந்து வணிகர் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. 2015 அக்டோபர் 14, 2017 மே 30, 2018 செப்டம்பர் 28 என்று நாடு தழுவிய கடையடைப்பு. முக்கியக் கோபம் ஆன்லைன் மருந்து விற்பனை மேல். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு அதற்கான வரைவு விதிகளை வெளியிட்டது. தமிழ்நாடு சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 டிசம்பர் 17 அன்று நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா, விதிகள் இறுதியாகும் வரை ஆன்லைன் விற்பனை கூடாது, 2019 ஜனவரி 31-க்குள் விதிகளை அறிவியுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். சேலம் கடைவீதியில் அன்றைக்கு ஒரே சந்தோஷம். சில நாட்களில் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. அந்த வரைவு விதிகள் இன்றைக்கும் வரைவாகவே இருக்கின்றன. 2020 மார்ச் கடைசியில், கொரோனா ஊரடங்குக்கு நடுவே, லைசென்ஸ் உள்ள கடைகள் வீட்டுக்கே மருந்து கொண்டு போய்க் கொடுக்கலாம் என்று தனி அறிவிப்பு வந்தது. ஒன்றை முடிவு செய்யாமலே விட்டால் யாருக்கு லாபம்? காத்திருக்கக் காசு உள்ளவருக்கு.

சங்கங்களையும் புனிதமாக்க வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் நியமிக்கத் தங்கள் தடையில்லாச் சான்று வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியதற்காக, அகில இந்தியக் கூட்டமைப்புக்கு எதிராக 2013 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் தீர்ப்பளித்தது. சர்டிஃபிகேட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும் பார்மசிஸ்டுகள் உண்டு. சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கும் கடைகள் உண்டு. 2014 முதல் ஷெட்யூல் எச்1 மருந்துக்குத் தனிப் பதிவேடு எழுதி மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். எத்தனை கடையில் எழுதுகிறார்கள்? ஆனால் இரண்டே முக்கால் ரூபாய்க்கு எவ்வளவு பதிவேடு எழுத முடியும் என்று அவர் திருப்பிக் கேட்டால் எனக்கு வாய் அடைத்துவிடும்.

என் சாதிக்காரர்களான டாக்டர்களையும் விடக் கூடாது. கிளினிக்குக்குள் பார்மசி, ஆஸ்பத்திரிக்குள் பார்மசி. நாங்கள் எழுதும் பிராண்ட் பக்கத்துத் தெருவில் கிடைக்காது. 2025 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரச்சினையில் நேரடி உத்தரவு எதுவும் போடாமல், மாநில அரசுகள் கொள்கை முடிவு எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டது. பந்து மறுபடியும் அரசியல்வாதிகள் காலடியில்.

இனி ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துக்கு வரி 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. 33 உயிர் காக்கும் மருந்துகளுக்கு 12-லிருந்து பூஜ்யம். அருமையான முடிவு. ஆனால் காம்போசிஷன் முறையில் இருக்கும் சின்னக் கடைக்கு, வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்கும் வசதி கிடையாது. 12 சதவீதம் கொடுத்து வாங்கிய பழைய ஸ்டாக்கைப் புது விலைக்கு விற்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மனது வைத்து வித்தியாசத்தைக் கொடுத்தால் உண்டு. நம்ம அண்ணன் ஷட்டரை இறக்கியது அதற்கு அடுத்த மாதம்.

'வெளிநாட்டில் எப்படி டாக்டர்?' என்று ஒரு கமெண்ட் கண்டிப்பாக வரும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவையின் மருந்துகளைத் தனியார் பார்மசிகள்தான் கொடுக்கின்றன. மருந்தின் விலை எதுவானாலும், ஒரு மருந்து எடுத்துக் கொடுப்பதற்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். 2025 ஏப்ரல் முதல் 1 பவுண்ட் 46 பென்ஸ். நம்ம காசுக்கு 150 ரூபாய்க்கு மேல். அங்கேயும் போதவில்லை என்று 2024 ஜூனில் விளக்கை அணைத்துப் போராடினார்கள். அந்த வருடம் நவம்பரில் நேரத்தைக் குறைப்போம் என்று ஓட்டெடுப்பே நடத்தினார்கள். அடுத்த வசந்தத்தில் அரசு நிதியைக் கூட்டியது. கட்டணம் 1.27-லிருந்து 1.46 ஆனது அப்படித்தான். அங்கே சண்டை கூலி எவ்வளவு என்பதில். இங்கே கூலி என்று ஒன்று இருப்பதாகவே யாரும் பேசுவதில்லை.

நம்ம பகுதிக்காரர்களுக்கு இது புரிய வேண்டும், ஏனென்றால் விலை பேசுவதில் நாம் கில்லாடிகள். நாமக்கல்லில் முட்டை விலையை யார் அறிவிக்கிறார்கள்? கோழிப்பண்ணையாளர்களே சேர்ந்து உருவாக்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, 1982-லிருந்து. வியாபாரி சொன்ன விலைக்கு முட்டையைக் கொடுத்துக் கடனாளியான காலம் பண்ணைக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஜவ்வரிசிக்கு 1981-ல் சேலத்தில் சேகோசர்வ். பருத்திக்கும் மஞ்சளுக்கும் திருச்செங்கோடு கூட்டுறவுச் சங்கத்து ஏலம். தனித்தனியாக நின்றால் அழிவோம் என்று உணர்ந்து சேர்ந்தவர்கள் இவர்கள். மருந்துக்கடைக்கு மட்டும் விலை டெல்லியில், கொள்முதல் தனித்தனியாக, தள்ளுபடி டவுன்காரன் வைத்ததுபடி.

என் கருத்தைச் சொல்கிறேன். புதுக் கடை திறப்பதற்கு முன், ஊரில் ஒரே ஒரு மருந்துக்கடை இருக்கும் இடங்களை மாவட்ட வாரியாகக் கணக்கெடுங்கள். அரசின் கொள்முதல் விலையில் ஜெனரிக் மருந்தை அந்தக் கடைகளும் எடுக்க வழி செய்யுங்கள். பிராண்டும் ஒரு அலமாரியில் இருக்கட்டும். இன்சுலின் ஃப்ரிட்ஜ், காசநோய் மருந்துப் பதிவேடு மாதிரி வேலைகளுக்கு ஒரு சிறு நிலையான கட்டணம் கொடுங்கள், சதவீதமாக இல்லாமல் ரூபாயாக. இதற்கு எவ்வளவு செலவாகும் என்று நிதித்துறை கணக்குப் போடட்டும். பூத் கமிட்டி வாரியாக ஓட்டைக் கணக்குப் போடத் தெரிந்த கட்சிகளுக்கு இது பெரிய காரியமில்லை. ஓட்டுக் கேட்டு வருபவரிடம், "எங்க ஊர் மெடிக்கல் ஏன் சாத்திச்சு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு இப்போது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்து இன்சுலினுக்கே மாற்றிவிட்டேன். மருமகள் சிரிஞ்சில் எடுத்துப் போடக் கற்றுக்கொண்டார். சுகர் 170-க்கு வந்திருக்கிறது.

அண்ணன் இப்போது சேலத்தில் ஒரு செயின் கடை கவுன்டரில் சம்பளத்துக்கு நிற்கிறார். காலையில் கிளம்பும்போது ஊர்க்காரர்கள் சீட்டையும் காசையும் அவர் கையில் கொடுத்து விடுகிறார்களாம். ராத்திரி டிவிஎஸ் 50-ல் திரும்பும்போது மருந்தோடு பில்லையும் தள்ளுபடிச் சில்லறையையும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். இன்சுலினுக்கு மட்டும் ஐஸ் போட்ட ஒரு டீ ஃபிளாஸ்க் வைத்திருக்கிறார்.

"அதுக்கு எவ்வளவுண்ணே வாங்கறீங்க?" என்றேன்.

"பழைய கடன் நோட்டுல இன்னும் பதினெட்டாயிரம் நிக்குது சார். அத வாங்கவே நான் தெனம் அவங்க வாசலுக்குப் போகோணுமில்ல" என்று சிரித்தார்.